கோலிக்குண்டு நிரம்பும் கிண்ணம்: ‘ஓப்பன்ஹைமர்’ படத்தில் எது நடந்தது, எது சேர்த்தது

கேள்வி: “‘ஓப்பன்ஹைமர்’ படத்தை நேற்றிரவு வீட்டில் பார்த்தோம். குண்டு வெடிக்கும்வரை சரி. அதற்கப்புறம் ஒரு மணி நேரம் கோட்டு சூட்டு போட்டவர்கள் ஏதோ ஒரு அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். யார், எதற்கு என்றே பிடிபடவில்லை. இதெல்லாம் உண்மையில் நடந்ததா? ஒன்பதாவது படிக்கும் பையன் தானும் பார்க்கவேண்டும் என்று நச்சரிக்கிறான். காட்டலாமா?”

முதலில் ஒரு ஆறுதல். 2023 ஜூலையில் படம் வந்த முதல் வாரமே தியேட்டரில் பார்த்தேன். கல்லூரியில் வருஷக்கணக்காக அணுக்கரு இயற்பியல் நடத்துகிறவன் நான். எனக்கே பாதிப் பெயர்கள் தலைக்கு மேலே போயின. இடைவேளையில் பக்கத்து சீட்டுக்காரர், “சார், அந்த நரைத்த தலைக்காரர் நல்லவரா, கெட்டவரா?” என்று கேட்டார். “பார்க்கலாம், இன்னும் பாதி இருக்கே” என்று சமாளித்தேன். இரண்டாவது தடவை வீட்டில் சப்டைட்டிலோடு, நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் படம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது தெரிந்தது.

ஒரே ஒரு சாவி போதும். வண்ணத்தில் வருவதெல்லாம், அமெரிக்காவின் அணுகுண்டு ஆய்வகத்தை நடத்திய விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் கண்ணால் பார்ப்பது. இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன் அந்தப் பகுதியின் திரைக்கதையையே ‘நான்’, ‘என்’ என்று தன்மையில் எழுதினார். கறுப்பு வெள்ளையில் வருவது, பின்னாளில் அணுசக்தி ஆணையத்தில் இருந்த லூயிஸ் ஸ்ட்ராஸ் என்கிற அந்த நரைத்த தலைக்காரரின் பக்கம். ராபர்ட் டவுனி ஜூனியர் நடித்தது. வண்ணத்தில் ஒரு விசாரணை ஓடுகிறது, அது 1954. கறுப்பு வெள்ளையில் இன்னொரு விசாரணை, அது 1959. முதல் விசாரணையில் ஓப்பன்ஹைமர் மாட்டுகிறார், இரண்டாவதில் அவரை மாட்டிவிட்டவர் மாட்டுகிறார். படமே இந்த இரண்டு விசாரணைதான். குண்டு தயாரித்த கதை நடுவில் வரும் பழைய நினைவு. நாம் குண்டுப் படம் என்று நினைத்து உட்கார்ந்ததால் கடைசி ஒரு மணி நேரம் உபரியாகத் தெரிகிறது.

மனிதனைப் பற்றி இந்தப் படம் ஏறக்குறைய உண்மையைச் சொல்கிறது. குண்டைப் பற்றிய மிகப் பெரிய விஷயத்தை மட்டும் சில கோலிக்குண்டுகளுக்குள் போட்டு மூடிவிட்டது. அந்தக் கோலிக்குண்டு என்ன என்று தெரிந்தால் கடைசி ஒரு மணி நேரமும் பிடிபட்டுவிடும்.

அந்த ஆய்வகம் இருந்த லாஸ் அலமாஸில் மேஜை மேல் இரண்டு கண்ணாடிப் பாத்திரங்கள் இருக்குமே, கவனித்தீர்களா? ஒன்று மீன் தொட்டி மாதிரி பெரியது, இன்னொன்று பிராந்தி கிளாஸ் மாதிரி சிறியது. ஓப்பன்ஹைமர் அவ்வப்போது அதில் கோலிக்குண்டு போடுகிறார். பெரியது நிரம்பினால் யுரேனியக் குண்டுக்குத் தேவையான சரக்கு தயார், சிறியது நிரம்பினால் புளூட்டோனியக் குண்டுக்கு. நல்ல காட்சி உத்தி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கோலிகள் எங்கிருந்து வந்தன?

இயற்கையில் கிடைக்கும் யுரேனியத்தில் குண்டுக்கு உதவும் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம். மீதி எல்லாம் 238. இரண்டும் வேதியியலில் ஒன்றேதான். எந்த அமிலத்தை ஊற்றியும் பிரிக்க முடியாது. எடையில் இருக்கும் துளி வித்தியாசத்தை வைத்துத்தான் பிரித்தாகவேண்டும். அதற்காக டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் என்று ஒரு ஊரையே உருவாக்கினார்கள். 1945-இல் அங்கே ஏறத்தாழ 75,000 பேர் இருந்தார்கள். அன்றைய வரைபடத்தில் அந்த ஊர் கிடையாது.

அங்கே ஒய்-12 என்கிற ஆலையில் பிரம்மாண்டமான மின்காந்தங்கள். அவற்றைச் சுற்றச் செம்புக் கம்பி வேண்டும். போர்க்காலம், செம்பு கிடைக்காது. என்ன செய்தார்கள் தெரியுமா? அமெரிக்கக் கருவூலத்தில் கிடந்த வெள்ளியைக் கடனாகக் கேட்டார்கள். கேட்கப் போனவர் கென்னத் நிக்கல்ஸ் என்கிற ராணுவ அதிகாரி. ஆயிரக்கணக்கில் டன் வேண்டும் என்று அவர் சொல்ல, கருவூலத்துக்காரர், இங்கே வெள்ளியை டன்னில் அளக்கிற வழக்கம் இல்லை, அவுன்ஸில்தான் கேட்கவேண்டும் என்றாராம். நம் ஊர் நகைக்கடையில் போய்க் குவிண்டால் கணக்கில் தங்கம் கேட்ட மாதிரி. கடைசியில் 13,000 டன்னுக்கும் மேல் வெள்ளி போனது. போர் முடிந்து பல வருஷம் கழித்து, கிட்டத்தட்ட முழுவதையும் திருப்பிக் கொடுத்தார்கள். இந்த நிக்கல்ஸின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவார்.

அந்த இயந்திரங்களின் முன்னால் உட்கார்ந்து முள்ளைப் பார்த்துக் குமிழைத் திருகியவர்கள் பெரும்பாலும் பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்கள். எதைத் தயாரிக்கிறோம் என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. முள் இந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். இயந்திரத்தைக் கண்டுபிடித்த எர்னஸ்ட் லாரன்ஸ் (படத்தில் ஜாஷ் ஹார்ட்நெட்) தன் முனைவர் பட்டக்காரர்கள் இதைவிட நன்றாக ஓட்டுவார்கள் என்றார். போட்டி வைத்துப் பார்த்தார்கள். பெண்கள் ஜெயித்தார்கள். படித்தவர்கள் முள் ஏன் ஆடுகிறது என்று ஆராயப் போய்விட்டார்களாம், இவர்கள் குமிழைத் திருகிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்கள். இதில் ஒரு காட்சியாவது படத்தில் இருந்திருக்கலாம் என்கிற ஆதங்கம் எனக்கு உண்டு.

புளூட்டோனியம் இன்னொரு மூலையில், வாஷிங்டன் மாநிலத்து ஹான்ஃபோர்டில், கொலம்பியா ஆற்றங்கரை அணு உலைகளில் உருவானது. முதல் கட்ட யுரேனியத் தாதில் பெரும்பகுதி பெல்ஜியத்தின் பிடியில் இருந்த காங்கோவின் ஷிங்கோலோப்வே சுரங்கத்திலிருந்து வந்தது. அந்தச் சுரங்க நிறுவனத்தின் தலைவர் எட்கர் செங்கியர் 1940-லேயே முன்யோசனையோடு 1,200 டன் தாதை நியூயார்க்குக்கு அனுப்பி, ஒரு கிடங்கில் வைத்திருந்தார். ராணுவம் தேடி வந்தபோது சரக்கு வீட்டு வாசலிலேயே இருந்தது.

செலவுக் கணக்கைப் பார்த்தால் இன்னும் தெளிவு. மொத்தம் ஏறக்குறைய 200 கோடி டாலர், அன்றைய விலையில். அதில் பாதிக்கு மேல் ஓக் ரிட்ஜுக்கு. படம் முழுக்க நாம் பார்க்கும் லாஸ் அலமாஸுக்குப் போனது சுமார் 4 சதவீதம். ஒரு கட்டத்தில் இந்தத் திட்டத்தில் வேலை பார்த்தவர்கள் 1,30,000 பேர் அளவில். அவர்களில் ஒரு கையளவு ஆள்களுக்குத்தான் முழு விஷயமும் தெரியும். ‘அணுகுண்டின் தந்தை’ என்ற பட்டம் ஓப்பன்ஹைமருக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் குண்டு ஒரு தொழிற்சாலைச் சரக்கு. பணம் கொடுத்தது, இடம் கொடுத்தது, கடைசியில் எடுத்துக்கொண்டு போனது எல்லாம் ராணுவம். வெடிப்புச் சோதனை முடிந்ததும் பெட்டிகளை லாரியில் ஏற்றிக் கொண்டுபோகும் காட்சியில் ஓப்பன்ஹைமர் முகத்தைப் பாருங்கள். அதற்குமேல் அவர் தொலைபேசி மணி அடிக்கக் காத்திருக்கும் ஒரு ஆள், அவ்வளவுதான்.

அப்படியானால் லாஸ் அலமாஸில் அவர் என்னதான் செய்தார்? நிறையச் செய்தார். அதில் ஒன்றைச் சொல்கிறேன், படம் இதை வேகமாகத் தாண்டிப் போகிறது. யுரேனியக் குண்டு எளிது: ஒரு துண்டைத் துப்பாக்கிபோல் சுட்டு இன்னொரு துண்டோடு மோதவைத்தால் போதும். ஹிரோஷிமாவில் போட்ட அந்தக் குண்டில் 64 கிலோ யுரேனியம், அதைச் சோதித்துப் பார்க்கக்கூட இல்லை, அவ்வளவு நம்பிக்கை. புளூட்டோனியத்துக்கும் அதே முறைதான் என்று நினைத்திருந்தார்கள். 1944-இல் எமிலியோ செக்ரே குழு உலையிலிருந்து வந்த புளூட்டோனியத்தை அளந்து பார்த்தபோது தலையில் இடி. அதில் கலந்திருக்கும் புளூட்டோனியம்-240 தானாகவே பிளந்து நியூட்ரான்களை விட்டுக்கொண்டே இருக்கும். துப்பாக்கி வேகத்தில் இரண்டு துண்டும் நெருங்குவதற்குள் அரைகுறையாக வெடித்துப் புஸ்ஸென்று போய்விடும். ஹான்ஃபோர்டில் கொட்டிய பணம் அத்தனையும் வீண்.

மிச்சமிருந்த ஒரே வழி, புளூட்டோனிய உருண்டையைச் சுற்றிலும் வெடிமருந்து வைத்து எல்லாப் பக்கமும் ஒரே நொடியில் உள்நோக்கி நசுக்குவது. சொல்வது சுலபம். கொழுக்கட்டை மாவை உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பாருங்கள், விரலிடுக்கில் பிதுங்கிக்கொண்டு வரும். இங்கேயும் அதே தொல்லைதான், ஒரு பக்கம் அழுத்தம் கொஞ்சம் தாமதித்தால் அந்தப் பக்கம் பிதுங்கிவிடும். ஒளியைக் கண்ணாடி வில்லை குவிப்பதுபோல் வெடிப்பின் அதிர்வலையைக் குவிக்கும் 32 வெடிமருந்து வில்லைகளைச் செய்து சரிக்கட்டினார்கள். அதற்காக 1944 ஆகஸ்டில் ஆய்வகம் முழுவதையும் கலைத்துத் திரும்ப அடுக்கினார் ஓப்பன்ஹைமர். முரட்டு மேதைகள் நிறைந்த இடத்தில் யாரை எங்கே உட்காரவைப்பது, யார் யாரோடு பேசினால் வேலை நடக்கும் என்பதில் அவருக்கு இருந்த சாமர்த்தியம்தான் அவருடைய பெரிய பங்கு. நடுவில் இருந்த புளூட்டோனியம் 6 கிலோ சொச்சம், ஒரு சாத்துக்குடி அளவு. சின்னப் பாத்திரத்தில் விழுந்த கோலிக்குண்டுகள் மொத்தமும் அவ்வளவுதான்.

அந்தச் சாத்துக்குடியைத்தான் 1945 ஜூலை 16 அன்று நியூமெக்சிகோ பாலைவனத்தில் 30 மீட்டர் உயர இரும்புக் கோபுரத்தின் மேல் வைத்து வெடித்தார்கள். டிரினிட்டி சோதனை. விடிகாலை 4 மணிக்கு வைத்திருந்த நேரம் இடி மழையால் தள்ளிப்போய் 5.29 ஆனது. படத்தில் இந்தப் பகுதி பெரும்பாலும் நடந்தபடியே இருக்கிறது. எவ்வளவு பலமாக வெடிக்கும் என்று ஆளுக்கு ஒரு டாலர் பந்தயம் கட்டியதும் உண்மை, இயற்பியலாளர் எட்வர்ட் டெல்லர் முகத்தில் வெயில் களிம்பு பூசிக்கொண்டதும் உண்மை. ஓப்பன்ஹைமர் பந்தயத்தில் சொன்னது 300 டன் டிஎன்டி வெடிமருந்தின் பலம். அவருடைய நண்பர், இயற்பியலாளர் இசிடோர் ராபி சொன்னது 18,000 டன். அன்றைய கணக்கில் வந்தது 21,000 டன் அளவு, பின்னாளைய மறுகணக்கில் கிட்டத்தட்ட 25,000. பந்தயப் பணம் ராபிக்கு.

வெடித்ததும் சத்தமே இல்லாமல் ஓடுமே, அது சினிமா வித்தை இல்லை, இயற்பியல். தீபாவளி ராத்திரியில் தூரத்தில் வாணம் பூத்த பிறகுதானே சத்தம் வருகிறது? ஓப்பன்ஹைமர் நின்ற பதுங்கறை கோபுரத்திலிருந்து சுமார் 9 கிலோமீட்டர். ஒலி வந்துசேர 27 நொடி போல ஆகும். நோலன் அதை இன்னும் நீட்டி, மூச்சு விடும் சத்தத்தை மட்டும் வைத்தார், நன்றாகவே இருந்தது. 16 கிலோமீட்டர் தள்ளி முகாமில் இருந்த என்ரிகோ ஃபெர்மி செய்ததுதான் எனக்குப் பிடித்தது. அதிர்வலை வரும் நேரம் பார்த்துத் துண்டுக் காகிதங்களைக் கையிலிருந்து நழுவவிட்டார். அவை எவ்வளவு தூரம் தள்ளிப்போய் விழுந்தன என்பதைக் காலடியால் அளந்து, 10,000 டன் இருக்கும் என்றார். கருவிகள் சொன்னதில் கிட்டத்தட்டப் பாதிக்கு வந்துவிட்டது, வெறும் காகிதத்தை வைத்து. வகுப்பில் வருஷா வருஷம் இதைச் சொல்வேன்.

ஆனால் வெடிப்பின் தோற்றம் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். கணினி வரைகலை வேண்டாம் என்று பெட்ரோல், மெக்னீசியம், அலுமினியத் தூள் எல்லாம் வைத்து நிஜமாகவே எரித்துப் படம்பிடித்தார்கள். பெட்ரோல் எரிந்தால் பெட்ரோல் மாதிரிதான் இருக்கும். உண்மையான அணு வெடிப்பு முதல் கணத்தில் வழவழப்பான ஒரு கொப்புளம்போல் இருக்கும்; அதிவேகக் கேமராவில் அன்றே எடுத்த படங்கள் இருக்கின்றன. அந்தக் கொப்புளத்தில் இருக்கும் அந்நியத்தன்மை படத்தில் கிடைக்கவில்லை.

‘இப்போது நான் மரணம் ஆனேன், உலகங்களை அழிப்பவன்’ என்கிற அந்தக் கீதை வசனத்துக்கு வருவோம். நம் ஊரில் இதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். ஓப்பன்ஹைமர் பெர்க்லியில் ஆர்தர் ரைடர் என்ற பேராசிரியரிடம் சமஸ்கிருதம் படித்தது உண்மை. கீதையை நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுப்பார். படுக்கையறையில் புத்தகத்தை நீட்டி வாசிக்கச் சொல்லும் காட்சி கற்பனை, தேவையும் இல்லை என்பது என் எண்ணம். டிரினிட்டியில் அவர் வாய்விட்டு அந்த வரியைச் சொன்னாரா? பக்கத்தில் இருந்த தம்பி ஃபிராங்க் நினைவுகூர்ந்தது, ‘வேலை செய்துவிட்டது’ என்ற அளவில்தான். கீதை வரி தனக்குத் தோன்றியதாக ஓப்பன்ஹைமர் கேமரா முன் சொன்னது 20 வருஷம் கழித்து, 1965-இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்தில்.

பதினோராம் அத்தியாயம், 32-ஆம் சுலோகம்: ‘காலோஸ்மி லோகக்ஷயக்ருத்’. அவர் ‘மரணம்’ என்று சொன்ன இடத்தில் மூலத்தில் இருப்பது ‘கால’. ஆங்கிலத்தில் காலமா மரணமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தாகவேண்டும். ரைடர் மரணம் என்று போட்டார், மாணவர் அதையே பிடித்துக்கொண்டார். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. காலமும் காலனும் நமக்குப் பக்கத்துப் பக்கத்து வீடு. ‘காலன் வந்துவிட்டான்’ என்றால் பொருள் சொல்லவேண்டியதில்லை. இன்னொன்று: அதைச் சொல்வது கிருஷ்ணன், கேட்பது வில்லைக் கீழே போட்ட அர்ஜுனன். அழிவு ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது, நீ வெறும் கருவி என்பதுதான் அடுத்த சுலோகம். ஓப்பன்ஹைமர் தன்னைக் கிருஷ்ணனாக நினைத்துக்கொண்டார் என்று சிலர் கோபப்பட்டார்கள். எனக்குப் படுவது, அவர் நின்றுகொண்டிருந்தது அர்ஜுனன் இடத்தில்.

மற்றபடி எது நிஜம், எது சேர்த்தது என்று சட்டென்று சொல்லிவிடுகிறேன். கேம்பிரிட்ஜில் ஆசிரியருக்கு ஆப்பிளில் விஷம்: ஏதோ ரசாயனம் வைத்ததாக அவரே நண்பர்களிடம் சொன்ன கதை உண்டு, அதை நீல்ஸ் போர் (யுத்தம் இல்லை, பெயரே அதுதான்) கடிக்கப்போவது சேர்த்தது. காற்றுமண்டலமே பற்றிக்கொள்ளுமா என்ற கணக்கு 1942-இல் நிஜமாகவே எழுந்தது. ஆனால் அதை அவர் எடுத்துக்கொண்டு போனது ஐன்ஸ்டீனிடம் இல்லை, ஆர்தர் காம்ப்டனிடம். நைட்ரஜன் அப்படிப் பற்றாது என்று ஹான்ஸ் பெதே சீக்கிரமே காட்டிவிட்டார். சோதனை நாளன்று அது பெரும்பாலும் வேடிக்கைப் பேச்சு. குளத்தங்கரையில் ஐன்ஸ்டீனோடு பேசும் கடைசிக் காட்சியும் கற்பனைதான். கியோட்டோ நகரைப் பட்டியலிலிருந்து போர்ச் செயலர் ஸ்டிம்சன் நீக்கியது உண்மை, தேனிலவு போன ஊர் என்பது கட்டுக்கதை. அவருக்குக் கல்யாணம் ஆனது 1893-இல், கியோட்டோ பார்த்தது 1920-களில். ‘என் கையில் ரத்தம்’ என்று அதிபர் ட்ரூமனிடம் ஓப்பன்ஹைமர் சொன்னதும் அவர் எரிச்சலானதும் நடந்தவை. ‘அழுமூஞ்சி விஞ்ஞானி’ என்று பிற்பாடு ஒரு கடிதத்தில் ட்ரூமனே எழுதினார்.

படத்தில் ஓப்பன்ஹைமர் ஒரு மாணவரோடு சேர்ந்து, இறக்கும் விண்மீன் தன் எடையாலேயே சுருங்கிக்கொண்டே போகும் என்று ஒரு கட்டுரை எழுதுவாரே, அது நிஜம். ஹார்ட்லண்ட் ஸ்னைடரோடு எழுதியது. வெளியான தேதி 1939 செப்டம்பர் 1, ஹிட்லர் போலந்துக்குள் நுழைந்த அதே நாள். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே, எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெள்ளைக் குள்ள விண்மீனுக்கு ஓர் எடை வரம்பு உண்டு என்று கணக்கிட்டவர். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. பிரிட்டிஷ் வானியலாளர் எடிங்டன் அதைப் பொதுச்சபையில் கேலி செய்தார். அந்த வரம்பைத் தாண்டினால் என்ன ஆகும் என்ற கேள்வியைத்தான் ஓப்பன்ஹைமர் அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனார். சந்திரசேகரும் போரிலிருந்து தப்பவில்லை. மேரிலாந்தில் ராணுவத்தின் எறிபடைச் சோதனைக்கூடத்தில் அந்த வருஷங்களில் பகுதிநேரமாக வேலை பார்த்தார். பின்னாளில் கருந்துளை என்று பெயர் வாங்கிய அந்த விஷயத்துக்கு ஓப்பன்ஹைமர் திரும்பி வரவே இல்லை. சந்திரசேகர் திரும்பி வந்தார். நோபல் பரிசு 1983-இல்தான் கிடைத்தது.

இப்போது உங்களைச் சோதித்த அந்தக் கடைசி ஒரு மணி நேரம்.

போர் முடிந்ததும் ஓப்பன்ஹைமர் அமெரிக்காவின் பெரிய மனிதர், அணுசக்தி ஆணையத்தின் ஆலோசனைக் குழுத் தலைவர். 1949-இல் சோவியத் யூனியனும் குண்டு வெடித்தது. அதைவிடப் பல மடங்கு பெரிய ஹைட்ரஜன் குண்டு செய்யவேண்டும் என்று டெல்லர், ஸ்ட்ராஸ் வகையறா குதித்தார்கள். ஓப்பன்ஹைமர் குழு அந்த அக்டோபரில் வேண்டாம் என்றது. ட்ரூமன் 1950 ஜனவரியில் செய்யச் சொல்லிவிட்டார். இதற்கு நடுவில் ஸ்ட்ராஸுக்குத் தனிப்பட்ட காயமும் உண்டு. மருத்துவ ஆராய்ச்சிக்கான ஐசோடோப்புகளை (யுரேனியம் 235, 238 போல ஒரே தனிமத்தின் வேறு எடை வகைகள்) வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்ற விவாதத்தில், அவை எலெக்ட்ரானிக் கருவிகளைவிட முக்கியம் குறைந்தவை, வைட்டமினைவிட முக்கியமானவை என்கிற தினுசில் ஓப்பன்ஹைமர் சாட்சி சொல்ல, சபை சிரித்தது. ஸ்ட்ராஸ் செருப்பு விற்பனையில் தொடங்கி மேலே வந்தவர், படிப்பாளிகள் முன் கூனிக்குறுகுகிறவர். அந்தச் சிரிப்பை அவர் மறக்கவில்லை.

1953 நவம்பரில் வில்லியம் போர்டன் என்பவர், ஓப்பன்ஹைமர் சோவியத் உளவாளியாகவே இருக்கக்கூடும் என்று அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐக்குக் கடிதம் எழுதினார். டிசம்பரில் குற்றச்சாட்டுப் பட்டியல் வந்தது, 24 அம்சங்கள். கையெழுத்துப் போட்டவர் யார் தெரியுமா? அப்போது ஆணையத்தின் பொது மேலாளராக இருந்த கென்னத் நிக்கல்ஸ். வெள்ளியைக் கடன் கேட்கப் போன அதே ஆள். ஓக் ரிட்ஜைக் கட்டியவர்களில் ஒருவர், குண்டை யார் உண்மையில் உருவாக்கினார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். 24-இல் 23 அம்சங்கள் மனைவி, தம்பி, பழைய காதலி, கம்யூனிஸ்ட் நண்பர்கள் பற்றியவை. இவற்றில் பெரும்பாலானவை ராணுவத்துக்கு 1943-லேயே தெரிந்தவை. தெரிந்துதான் வேலை கொடுத்தார்கள். 24-ஆவதுதான் விஷயம்: ஹைட்ரஜன் குண்டை எதிர்த்தது.

அது நீதிமன்றம் இல்லை, அதனால்தான் அப்படி ஒரு சின்ன அறை. வாஷிங்டனில் ஒரு தற்காலிகக் கட்டடம், மூன்று பேர் கொண்ட குழு. சாட்சிகள் பேசும்போது ஓப்பன்ஹைமர் பின்னால் ஒரு சோஃபாவில் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருப்பார், நிஜத்திலும் அப்படித்தான். ஆணையத்தின் வழக்கறிஞர் ரோஜர் ராப் என்பவரிடம் எஃப்பிஐ கோப்பு இருந்தது. ஓப்பன்ஹைமரின் வழக்கறிஞருக்கு அதைப் பார்க்க அனுமதி இல்லை. போதாததற்கு அவர் தன் வழக்கறிஞரோடு தொலைபேசியில் பேசியதை எஃப்பிஐ ஒட்டுக்கேட்டு ஸ்ட்ராஸுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. சீட்டாட்டத்தில் எதிராளி கையில் கண்ணாடி வைத்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரி.

ஆனால் ஒரு இடத்தில் அவர் தானாகவே மாட்டினார். 1943 தொடக்கத்தில் நண்பர் ஷெவாலியே சமையலறையில் வைத்து, சோவியத்துக்குத் தகவல் அனுப்ப ஒரு வழி இருக்கிறது என்று காதில் போட்டார். ஓப்பன்ஹைமர் முடியாது என்றார். அதை உடனே சொல்லவில்லை. பல மாதம் கழித்து ராணுவ உளவு அதிகாரியிடம் சொன்னபோது நண்பரைக் காப்பாற்ற ஏதோ சுற்றிவளைத்துக் கதை கட்டினார். அந்தப் பேச்சு ஒலிப்பதிவாகி இருந்தது. ஏன் அப்படிப் பொய் சொன்னீர்கள் என்று ராப் கேட்டதற்கு அவர் பதில்: நான் முட்டாளாக இருந்ததால். வசனம் எழுதியவர் வேலை இல்லை இது, விசாரணைப் பதிவில் இருப்பது.

சாட்சிகளில் ராபியை மறக்க முடியாது. இந்த மனிதர் அணுகுண்டே கொடுத்திருக்கிறார், இன்னும் என்ன வேண்டும், கடல்கன்னியா என்று கேட்டார். டெல்லரோ, நாட்டுக் காரியம் வேறு கைகளில் இருந்தால் எனக்குப் பாதுகாப்பாக இருக்கும் என்று மெதுவாகக் கத்தியை இறக்கினார். குழு 2-க்கு 1 என்று தீர்ப்புச் சொன்னது: விசுவாசமானவர்தான், ஆனால் அரசு ரகசியங்களைப் பார்க்கும் அனுமதி கிடையாது. ஜூன் 29 அன்று ஆணையம் 4-க்கு 1 என்று உறுதி செய்தது. அந்த அனுமதி எப்படியும் மறுநாள் காலாவதி ஆகவேண்டியது. ஒரு நாள் பொறுத்திருந்தால் தானாகவே முடிந்திருக்கும். பொறுக்கவில்லை.

1959-இல் அந்தக் கணக்கு நேரானது. ஸ்ட்ராஸ் வணிக அமைச்சராக செனட் ஒப்புதல் தரவேண்டும். டேவிட் ஹில் என்ற விஞ்ஞானி எதிராகச் சாட்சி சொன்னார் (ராமி மாலிக், பேனாவோடு வருவாரே அவர்தான்). ஸ்ட்ராஸ் 49-க்கு 46 என்று தோற்றார். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களில் ஜான் கென்னடி ஒருவர். படத்தில் அவர் பெயர் வரும் அந்த வசனம் சரித்திரம். ஸ்ட்ராஸோடு கூடவே நடக்கும் அந்த இளம் உதவியாளர் மட்டும் கற்பனைப் பாத்திரம். ஆனால் ஸ்ட்ராஸின் பகை ஒன்றே எல்லாவற்றுக்கும் காரணம் என்பதுபோல் படம் முடிச்சுப் போடுகிறது, அது கொஞ்சம் சினிமாத்தனம். விமானப்படைக்கும் ஓப்பன்ஹைமர் மேல் கடுப்பு இருந்தது, அந்தக் காலத்துக் கம்யூனிஸ்ட் பீதி ஊர் முழுக்க இருந்தது. ஒரு வில்லன் போதாது.

இதைப் பார்த்தபின் குண்டுக் கதையை யோசித்துப் பாருங்கள். நாம் உருவாக்கியது, நம் பேச்சைக் கேட்பார்கள் என்று ஓப்பன்ஹைமர் நினைத்தார். அந்தக் கோலிக்குண்டுகளுக்குப் பணம் போட்டவர்கள் அப்படி நினைக்கவில்லை. லாரி கிளம்பின அன்றே முடிந்துபோன விஷயம் அவருக்குப் புரிய 1954 ஆகவேண்டியிருந்தது.

படத்தில் இல்லாதவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. ஜோசப் ரோட்பிளாட், போலந்துக்காரர், பிரிட்டிஷ் குழுவோடு லாஸ் அலமாஸ் வந்தவர். ஜெர்மனி குண்டு செய்யவில்லை என்று 1944 கடைசியில் தெரிந்ததும், அப்படியானால் நான் எதற்கு என்று மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அணு ஆயுத எதிர்ப்புக்காக 1995-இல் அமைதி நோபல் பரிசு. போகலாம் என்பது ஒரு வழியாக இருந்தது, ஒருவர் போனார். அந்த ஒரு காட்சி இருந்திருந்தால் ஓப்பன்ஹைமரின் தவிப்பை நாம் வேறு மாதிரி பார்த்திருப்போம்.

ஹிரோஷிமாவைக் காட்டவில்லை என்ற குறையை நிறையப் பேர் சொன்னார்கள். 1945 முடிவதற்குள் அங்கே ஏறத்தாழ 1,40,000 பேர், நாகசாகியில் 70,000 பேர் செத்தார்கள். கதை ஓப்பன்ஹைமர் கண் வழியே போவதால் அவர் பார்க்காததைக் காட்டவில்லை என்பது நோலன் தரப்பு, அதை ஏற்கலாம். அந்த வெற்றிக் கூட்டத்தில் தரை அதிரக் கால் தட்டுவார்களே, அந்தச் சத்தம் படத்தின் ஆரம்பத்திலிருந்தே காரணம் தெரியாமல் கேட்டுக்கொண்டிருக்கும். எங்கிருந்து வருகிறது என்று தெரியும்போது வயிற்றைப் பிசையும். எனக்கு அது போதுமானதாக இருந்தது. ஆனால் டிரினிட்டிக்குப் பக்கத்துக் கிராமங்களில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக் குடித்த நியூமெக்சிகோ குடும்பங்களை ஒரு வரியில்கூடச் சொல்லாததற்கு அந்தச் சமாதானம் செல்லாது. அவர்கள் மேல் கதிரியக்கச் சாம்பல் விழுந்தது. நிவாரணச் சட்டத்துக்குள் அவர்களைக் கொண்டுவர 2025 ஆனது. ஓப்பன்ஹைமருக்கே 2022 டிசம்பரில்தான் அந்த 1954 முடிவை அரசு ரத்து செய்தது. அவர் தொண்டைப் புற்றுநோயில் இறந்தது 1967-இல்.

பையன் விஷயம். இந்தியாவில் யு/ஏ சான்றிதழ்தான், தியேட்டரில் ஒரு காட்சியில் நடிகைக்குக் கணினியால் கறுப்பு உடை போட்டுவிட்டார்கள். வீட்டில் நீங்கள் பார்த்த பதிப்பில் அது எப்படி இருந்தது என்று உங்களுக்கே தெரியும், அந்த இடத்தில் ரிமோட் கையில் இருக்கட்டும். மற்றபடி ஒன்பதாவது படிக்கிற பையனுக்குத் தாராளமாகக் காட்டலாம். மூன்று மணி நேரத்தையும் ஒரே மூச்சில் உட்காரச் சொல்லாதீர்கள். டிரினிட்டி முடிந்ததும் நிறுத்தி, சாப்பிட்டுவிட்டு, மறுநாள் மீதி. அந்தக் கண்ணாடிப் பாத்திரம் வரும்போது நிறுத்தி ஓக் ரிட்ஜ் கதையைச் சொல்லுங்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கோலிக்குண்டு என்றால் என்னவென்றும் கூடவே சொல்லவேண்டியிருக்கும்.